‘அகாடமிக்’ ஆகிப்போன வழக்கு

எழுமலை
24.06.2024

மதிப்பிற்குரிய வக்கீல் கிளமெண்ட் சார் அவர்களுக்கு,

வணக்கம். நான் காளை மகள் முனீஸ்வரி. பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு. ஐரின் டீச்சர் சொல்லி உங்களிடம் வந்தவள். கல்லூரிமேல் நீங்கள் போட்ட வழக்கின் மனுதாரர். இவ்வளவும் சொல்லாவிட்டால் உங்களுக்கு என் நினைவு வருமோ வராதோ என்ற சந்தேகத்தில்தான் எழுதுகிறேன்.

தீர்ப்பு நகல் தபாலில் வந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: ‘விஷயம் அகாடமிக் ஆகிவிட்டபடியால் மனு முடித்துவைக்கப்பட்டது. தகவலுக்காக.’ அவ்வளவுதான். கையெழுத்துகூட உங்களுடையது இல்லை, ஜூனியர் மெர்வின் அண்ணன் போட்டது.

அப்பா வயலில் இருந்து வந்ததும், “ஏத்தா, செயிச்சமா தோத்தமா?” என்று கேட்டார். தீர்ப்பில் ஜெயித்தோம் என்றும் இல்லை, தோற்றோம் என்றும் இல்லை. தேர்வும் போய், கல்வி ஆண்டும் முடிந்துவிட்டதால் இனி இந்தக் கேள்வி அகாடமிக் என்று நீதிபதி சொல்லியிருக்கிறார்.

பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குப் பரிசாக வந்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். அகாடமிக் என்றால் முதல் பொருள், கல்வி சார்ந்த. எடுத்துக்காட்டு வாக்கியங்களும் போட்டிருக்கிறார்கள். ‘அகாடமிக் ஆண்டு ஜூனில் தொடங்குகிறது.’ சரி. ‘அவளுடைய அகாடமிக் சாதனைகள் பாராட்டத்தக்கவை.’ அதுவும் சரி, முதல் செமஸ்டரில் வகுப்பிலேயே நான் இரண்டாவது. கடைசியில் இன்னொரு பொருள் இருக்கிறது. நடைமுறையில் பயன் இல்லாத, இனிப் பேசிப் பலனில்லாத. அதற்கு வாக்கியம், ‘ரயில் போய்விட்டதால், அது எந்தப் பிளாட்பாரத்தில் நின்றது என்பது இப்போது அகாடமிக்.’

சார், நான் நேரத்தோடு வந்தவள். ஜனவரியில் மஞ்சள்காமாலை வந்து ஐந்து வாரம் படுத்திருந்தேன். எழுந்ததும் அரசு மருத்துவர் கொடுத்த சான்றிதழைத் துறை அலுவலகத்தில் என் கையால் கொடுத்தேன். அது வரவே இல்லை என்று பிறகு சொல்லி, வருகை குறைவு என்று ஹால் டிக்கெட் தரவில்லை. தேர்வுக்கு முன்பே உங்களிடம் ஓடி வந்தேன். என்னை வாசலிலேயே நிறுத்திவைத்து, ரயிலை அனுப்பிவிட்டு, போய்விட்டதே அம்மா என்கிறீர்கள்.

படிப்புக்காகப் போட்ட வழக்கைப் படிப்பு என்ற சொல்லாலேயே மூடியிருக்கிறார்கள். இது எப்படி என்று எனக்கு எழுத்தில் விளக்க வேண்டும். போன் செய்தால் “சார் கோர்ட்ல இருக்காரு” என்ற குரல்தான் கேட்கிறது. அதனால்தான் பதிவுத் தபால்.

இப்படிக்கு,
கா. முனீஸ்வரி

*

மதுரை
02.07.2024

செல்வி கா. முனீஸ்வரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வயதுக்குரிய வேகம் தெரிகிறது. அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாங்கள் அகராதியில் கண்ட கடைசிப் பொருளே சட்டத்தில் வழங்குவது. நீதிமன்றம் விவாத மேடை அன்று. ஆணையிட்டால் நடக்கக்கூடிய ஒன்று இருந்தால்தான் ஆணையிடும். நாம் கேட்டது, ஏப்ரல் தேர்வு எழுத அனுமதி. ஏப்ரல் போய்விட்டது. போன ஏப்ரலைத் திருப்பிக் கொடு என்று எந்த நீதிபதியாலும் கல்லூரிக்கு ஆணையிட இயலாது. ஆகவே மனு முடித்துவைக்கப்பட்டது. இது தோல்வி அன்று. கல்லூரி செய்தது சரி என்று தீர்ப்பில் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தாமதத்துக்கு என்னைக் காரணமாக்குகிறீர்கள். எதிர்த்தரப்பு பதில் மனுவுக்கு நேரம் கேட்டது. பிறகு கோடை விடுமுறை. ஒரு நாளில் எத்தனை வழக்குகள் பட்டியலில் வருகின்றன என்று தாங்கள் பார்த்ததில்லை.

கல்லூரி தன் பதில் மனுவில், அடுத்த ஆண்டு மீண்டும் முதலாண்டில் சேர்ந்துகொள்ளச் சொல்கிறது. சேர்ந்துகொள்ளுங்கள். பத்தொன்பது வயதில் ஒரு வருடம் பெரிய விஷயமில்லை. நானே சட்டக் கல்லூரிக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் போனேன். இந்தக் கோபத்தைப் படிப்பில் காட்டினால் தாங்கள் நன்றாக வருவீர்கள்.

தங்கள் தந்தையாருக்கு என் வணக்கம்.

அ. கிளமெண்ட்
வழக்கறிஞர்

*

எழுமலை
09.07.2024

வக்கீல் சார் அவர்களுக்கு,

ஒரு வருடம் பெரிய விஷயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் இரண்டு வருடம் வீட்டில் இருந்தபோது யாராவது பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார்களா? போன ஞாயிற்றுக்கிழமை மலையம்மாள் அத்தை வந்தது. அத்தை மகன் அழகுபாண்டி அலங்காநல்லூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறான். நல்லவன்தான், அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அத்தை அம்மாவிடம் சொன்னதுதான் காதில் இருந்து போகவில்லை. “காலேசுலதான் வேண்டாம்னு பத்தி விட்டாய்ங்கள்ல, பெறகு எதுக்கு மதினி புள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு? ஆவணியில முடிச்சிருவோம்.” பத்திவிட்டார்கள். ஊரில் என்னைப் பற்றிய பேச்சு அதுதான். மஞ்சள்காமாலை வந்தது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியுமா?

அதே கல்லூரியில் மறுபடி முதலாண்டு சேர மாட்டேன். ஒரு குற்றமும் செய்யாமல் தண்டனையை மட்டும் நான் ஏன் ஏற்க வேண்டும்? உசிலம்பட்டிப் பக்கம் இன்னொரு கல்லூரிக்கு அப்பாவுடன் போனேன். கல்லூரி கொடுத்த டி.சி.யைப் பார்த்துவிட்டு, “நடத்தை திருப்திகரமாக இல்லைன்னு போட்டுருக்காங்களே, நாங்க எப்படிம்மா எடுக்க முடியும்?” என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வழக்கு விவரம் போனிலேயே பார்க்கலாம் என்று ஐரின் டீச்சர் காட்டிக் கொடுத்தார். எதிர்த்தரப்பு நேரம் கேட்டது ஒரு தடவை. அதற்கு அடுத்த வாய்தா தேர்வுக்கு முந்தின வாரம். அன்று ‘மனுதாரர் வழக்கறிஞர் கேட்டுக்கொண்டபடி தள்ளிவைக்கப்பட்டது’ என்று இருக்கிறது. மனுதாரர் நான். நான் கேட்கவில்லை. அன்று காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள் சார்?

என் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன்.

கா. முனீஸ்வரி

*

மதுரை
13.07.2024

முனீஸ்வரி அவர்களுக்கு,

கட்டைத் தர மாட்டேன். காரணம் கீழே இருக்கிறது. முதலில் தங்கள் கேள்விக்குப் பதில்.

அன்று காலை நான் மேல்மாடியில் இன்னொரு கோர்ட் அறையில், ஒரு ஜாமீன் மனுவில் நின்றிருந்தேன். அடிதடி வழக்கு. சம்பவம் நடந்த இடத்திலேயே இல்லாத ஆள் உள்ளே கிடந்தார். தங்கள் வழக்கு நான் நினைத்ததைவிட முன்னதாகக் கூப்பிடப்பட்டது. மெர்வின் எழுந்து நேரம் கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நான் சொல்லிவைத்தபடிதான் செய்தார். ஒரே நேரத்தில் இரண்டு அறையில் நிற்க எனக்கு இரண்டு உடம்பு இல்லை. அந்த ஆள் அன்று மாலை வீட்டுக்குப் போனார், தங்களுக்குத் தேர்வு போயிற்று. மறுபடி அதே காலை வந்தால் எந்த அறையில் நிற்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது, அதுவரை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது என் கோபம். டி.சி.யில் ‘நடத்தை திருப்திகரமாக இல்லை’ என்று எழுதியிருக்கிறார்களா? இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? அத்தை சொன்னதையும் அழகுபாண்டியின் டிராக்டரையும் எழுதிவிட்டு, இதைப் போகிற போக்கில் இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள்! ஏப்ரல் தேர்வு முடிந்த கதை. இந்த வாசகம் முடிந்த கதை அன்று. அது தங்கள் கூடவே வரும். இன்னொரு கல்லூரி வாசலில் தங்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. நாளை வேலை கேட்கப் போனாலும் திருப்பி அனுப்பும். இன்றும் நடந்துகொண்டிருக்கும் பாதிப்பு இருக்கும்போது விஷயம் எப்படி அகாடமிக் ஆகும்?

வருகைக் குறைவுக்கும் நடத்தைக்கும் என்ன சம்பந்தம்? காமாலை வந்தது ஒழுக்கக் கேடா?

டி.சி. நகலை உடனே அனுப்புங்கள். எப்போது, யார் கையில், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கல்லூரியில் இருந்து யார் வந்து எதில் கேட்டாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அ. கிளமெண்ட்

*

எழுமலை
17.07.2024

வக்கீல் சார் அவர்களுக்கு,

நகல் இத்துடன் இருக்கிறது. சொல்லவில்லை என்று என்னைத் திட்டுகிறீர்கள். ஜூன் முதல் வாரமே போனில் சொன்னேன். “அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் பாப்பா” என்றார் மெர்வின் அண்ணன். அவர் நிஜமாகவே மறந்திருக்கலாம். ஆனால் சொல்லாதவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

கையெழுத்துப் போட வேண்டாம் என்கிறீர்கள். போட்டாகிவிட்டது. நான் இல்லை, அப்பா.

மே மாதக் கடைசியில் என்னிடம் சொல்லாமல் கல்லூரிக்குப் போயிருக்கிறார். எப்படியாவது பேசி என்னைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்ற நினைப்பு. அலுவலகக் கண்காணிப்பாளர் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கோர்ட்டுக்குப் போயிட்டு இங்க வந்து நிக்கிறீங்களே பெரியவரே?”

“புள்ள தெரியாமப் பண்ணிருச்சுங்க. நீங்கதான் பாத்து...”

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. டி.சி. வாங்கிட்டுப் போயி வேற எங்கயாச்சும் சேத்து விடுங்க. பொம்பளப் புள்ளைக்கு அதான் நல்லது.”

அந்தத் தாளில், ‘என் மகளை என் விருப்பத்தின் பேரில் நிறுத்திக்கொள்கிறேன்’ என்று இருந்திருக்கிறது. அப்பா எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடியவர்தான். எதிரே நின்ற ஆள் பேனாவை நீட்டிக்கொண்டு அவசரப்படுத்தினால் யாருக்குத்தான் எழுத்து ஓடும்?

டி.சி. தபாலில் வந்தது என்று சொல்லியிருந்தவர், உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியதும்தான் இதைச் சொன்னார். தெரிந்ததும் அப்பாவிடம் கத்திவிட்டேன். “நான் தெரியாமப் பண்ணுனேனா? காமாலைய நானாத் தேடிப் போயி வாங்கிட்டு வந்தேனா?” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாளாக வீட்டில் சாப்பிடவில்லை, கருத்தக்கண்ணன் சித்தப்பா வீட்டில் சாப்பிடுகிறார். அம்மா என்னிடம், “ஒங்கப்பன் இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் கெஞ்சுனது இல்லடி. ஒனக்காகத்தான் அங்க போயி நின்டுருக்காரு” என்றது.

எனக்கு அப்பாமேல் கோபம் போய்விட்டது. அந்தப் பேனாவை நீட்டிய ஆள்மேல் இருக்கிற கோபம் போகாது.

அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன், ஆவணியும் வேண்டாம், ஐப்பசியும் வேண்டாம் என்று. நீங்கள் வழக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது முடிவு. கட்டு உங்களிடமே இருக்கட்டும்.

கா. முனீஸ்வரி

*

மதுரை
05.08.2024

அன்புள்ள முனீஸ்வரி,

என் மகள் வயதுதான் உனக்கு. இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

மறுஆய்வு மனு போட்டாயிற்று. புதிதாக ஒரு வழக்குப் போட்டால் மறுபடி முதல் படியில் இருந்து ஏற வேண்டும். முடித்துவைத்த நீதிபதியிடமே போய், ‘தங்கள் முன் வராத ஒரு விஷயம் இருக்கிறது, அது முடியவில்லை’ என்று சொல்வதுதான் குறுக்கு வழி. மெர்வினை உட்கார வைத்து மனுவை நான்கு தடவை திருத்தி எழுத வைத்தேன். உன் கடிதத்தில் அவரைப் பற்றி இருந்த பத்தியையும் வாசிக்கக் கொடுத்தேன்.

உன் அப்பாவின் கையெழுத்தைக் கண்டு பயப்படாதே. உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. உன்னை நிறுத்திக்கொள்வதாக எழுதிக்கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது, அதை வாங்க அவர்களுக்கும் கிடையாது. இதை அவரைக் குறை சொல்வதுபோல் அல்லாமல் அவரிடம் சொல்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். என் மகள் ஆன்மேரி வேறொரு கல்லூரியில் படிக்கிறாள். போன வருடம் நடனப் போட்டிகளுக்காக ஒரு மாதத்துக்குமேல் வகுப்புக்குப் போகவில்லை. பேராசிரியர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். வராத நாளெல்லாம் வந்த நாளாகிவிட்டது. யாரும் அவளுடைய நடத்தையைப் பற்றி எழுதவில்லை, நானும் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைத்ததில்லை. உன் டி.சி. மேஜைமேல் கிடந்தபோது ஆன்மேரி எடுத்து வாசித்துவிட்டு, “இந்தப் பொண்ணு என்னப்பா பண்ணுச்சு?” என்று கேட்டாள். காமாலை வந்து படுத்திருந்தது என்றேன். “அவ்ளோதானா?” என்றாள். அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது. கோர்ட்டில் முப்பது வருடமாக நிற்கிறவனுக்குக் கோபம் வருவதெல்லாம் அபூர்வம்.

விசாரணைக்கு நீ வர வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் காது கூசுகிற மாதிரி ஏதாவது சொல்வார். அது தொழில். உனக்கு அப்படித் தோன்றாது.

அ. கிளமெண்ட்

*

எழுமலை
31.08.2024

வக்கீல் சார் அவர்களுக்கு,

வர வேண்டாம் என்றீர்கள். வந்தேன். அப்பாவும் வந்தார். கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றிருந்தோம். நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் சொல்வதை மட்டும் கேட்டு ஒரு ஏப்ரல் போய்விட்டதால், இந்த முறை என் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று இருந்தது.

வழக்கைக் கூப்பிட்டபோது என் பெயரும் சேர்ந்து கேட்டது. சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அப்பா விறைப்பாக நின்று கும்பிட்டார். நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

கல்லூரி வக்கீல் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தார். அந்த ஒரு சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ‘ப்யூர்லி அகாடமிக், மை லார்ட்.’ ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் யாரோ என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மாதிரி இருந்தது.

நீங்கள் எழுந்தீர்கள். நீதிபதி தமிழ் தெரிந்தவர் என்பதால் நடுவில் தமிழுக்கு வந்தீர்கள். “தேர்வு முடிந்துபோனது உண்மை. இந்தப் பெண் முடிந்துபோகவில்லை. இந்தத் தாளை நீட்டித்தான் அவள் இன்னும் ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டும். அவளுக்கு இது அகாடமிக் இல்லை.” உங்கள் குரல் நடுங்கியது சார். எனக்குக் கேட்டது.

நீதிபதி டி.சி.யைத் தூக்கிப் பிடித்து, “நடத்தை சரியில்லை என்றால், என்ன செய்தார்?” என்றார். கல்லூரி வக்கீல் பின்னால் திரும்பினார். பின்னால் அந்தக் கண்காணிப்பாளர் நின்றிருந்தார். நீதிபதி அவரையே முன்னே வரச் சொன்னார்.

“சொல்லுங்க, என்ன செஞ்சாங்க?”

“செஞ்சதுன்னு... ஒண்ணும் இல்லங்கய்யா. லீவு அதிகமா எடுத்து நின்னு போற பிள்ளைங்களுக்கு அப்படித்தான் போடுறது. ஃபார்மட்டுங்கய்யா.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. “எத்தனை பேருக்கு இப்படிப் போட்டிருக்கீங்க?” என்றார்.

அவ்வளவுதானா? நான் என்னவோ பெரிய பகை இருக்கும் என்று நினைத்திருந்தேன். வழக்குப் போட்டதற்காகப் பழிவாங்கினார்கள் என்றுதான் இத்தனை நாள் கொதித்துக்கொண்டிருந்தேன். பகைகூட இல்லை. என் பெயரையே பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பத்திவிட்டார்கள் என்று ஊர் பேசியதும், அப்பா சாப்பிடாமல் போனதும், அந்த ஆளுக்கு ஒரு ஃபார்மட். முன்னே போய் அந்த ஆளிடம் கேட்டுவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன். அப்பா என் தோளைப் பிடித்து, “இரு தாயி. வக்கீலு பேசுறாருல்ல” என்றார்.

நீதிபதி சொன்னது புரிந்தது. அந்த வாசகத்தை எடுத்துவிட்டுப் புது டி.சி. தர வேண்டும். மருத்துவச் சான்றிதழை ஏற்று நவம்பரில் தேர்வு எழுத விட வேண்டும், நான் விரும்பினால் அங்கேயே இரண்டாமாண்டில் சேர்க்கவும் வேண்டும். ‘போன வருடத்தை இந்த நீதிமன்றம் திருப்பித் தர இயலாது’ என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

ஜெயித்திருக்கிறோம். நன்றி சார். ஆனால் ஒருவர்கூட, தப்பாகிவிட்டது அம்மா என்று சொல்லவில்லை. இனிப்பு வாங்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன்.

கா. முனீஸ்வரி

*

மதுரை
12.09.2024

அன்புள்ள முனீஸ்வரி,

ஆணை நகல் வைத்திருக்கிறேன். இரண்டு படி. ஒன்று கல்லூரிக்கு. இன்னொன்றை வீட்டில் வை, யார் கேட்டாலும் கொடுக்காதே.

வராதே என்றால் வருவாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரல் நடுங்கியதை மெர்வினிடம் சொல்லிவிடாதே.

மன்னிப்பு எந்த ஆணையிலும் வராது. நம்மால் கேட்டு வாங்க முடிந்தது தாளில் இருக்கிறது, முடியாதது இல்லை. அந்த வருத்தம் நியாயமானது. நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. முதல் கடிதத்தில் சமாதானம் சொல்லித்தான் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்லூரியில் உன்னை யாரும் வரவேற்க மாட்டார்கள். ஹால் டிக்கெட்டுக்கு அலையவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் யாரைப் பார்த்தாய், என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. தேவைப்பட்டால் நானே வருகிறேன். இந்த முறை மேல்மாடியில் எனக்கு வேலை இருக்காது.

அ. கிளமெண்ட்

*

எழுமலை
02.12.2024

வக்கீல் சார் அவர்களுக்கு,

தேர்வு எழுதிவிட்டேன். ஆறு தாளும். பகுப்பாய்வுத் தாள் மட்டும் சுமார், மற்றதெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறேன். இரண்டாமாண்டில் சேர்ந்து வகுப்புக்கும் போகிறேன். காலையில் முதல் பஸ். என்கூடப் படித்தவர்கள் பாதிப் பாடத்தை முடித்துவிட்டார்கள், ஓடிப் பிடிக்க வேண்டும். வகுப்புத் தோழி தமிழ்ச்செல்வி தன் நோட்டையெல்லாம் கொடுத்திருக்கிறாள்.

நீங்கள் சொன்னபடியே நடந்தது. ஹால் டிக்கெட்டுக்கு நான்கு நாள் அலைந்தேன். “பிரின்சிபால் மீட்டிங்ல இருக்காரு” என்றார்கள். நகலை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் அந்தக் கண்காணிப்பாளரே வந்து கொடுத்தார். புது டி.சி.யும் கொடுத்தார். நடத்தை: நன்று.

வாங்கிக்கொண்டு கேட்டேன். “சார், போன தடவ நான் என்ன செஞ்சேன்னு நடத்தை கெட்டுச்சு? இப்ப என்ன செஞ்சேன்னு நல்லாயிருச்சு?”

“அதான் மாத்திக் குடுத்தாச்சுல்லம்மா. இன்னும் என்ன?”

“எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. வெளிய நிக்கிறாரு.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வெளியே எட்டிப் பார்த்தார். போகவில்லை. உள்ளறைக்குள் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாவிடம் நான், கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் அந்தத் தாளை வாங்கி, வாய்விட்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். நன்று என்ற இடத்தில் விரலை வைத்து, “இத மொதல்லயே போட்டுருந்தா கை வலிச்சிருக்குமா?” என்றார்.

இதை எழுதக் காரணம் வேறு. முதலாண்டில் செல்லத்தாய் என்று ஒரு பெண். அவள் அம்மாவுக்குப் பரவைக் காய்கறி மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கும் வேலை. செல்லத்தாய்க்கு டெங்கு வந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். சான்றிதழைக் கொண்டுபோனால், “இப்ப எதுக்கு, பரீட்சைக்கு முன்னாடி பாத்துக்கலாம்” என்று வாங்காமலே அனுப்பிவிட்டார்கள். நான் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் அவளும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுவதை நிறுத்து, எழுந்து வா என்று கூட்டிப் போய்ச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்ப வைத்தேன். அதற்கும் பதில் இல்லை.

அவளுக்குத் தேர்வு ஏப்ரலில். இப்போது டிசம்பர். பொங்கல் விடுமுறையில் அவளை உங்களிடம் அழைத்து வருகிறேன். ஒப்புக்கொள்வீர்களா?

கா. முனீஸ்வரி

*

மதுரை
06.12.2024

அன்புள்ள முனீஸ்வரி,

பொங்கல் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த மறுநாளே இருவரும் கிளம்பி வாருங்கள். அவளுடைய அம்மாவையும் கூட்டி வா. மெர்வினிடம் சொல்லிவிட்டேன், நான் எந்த அறையில் நின்றாலும் வந்து கூப்பிடுவார்.

கிளமெண்ட்